மோர் தளும்பாத வழி

மாரி பொய்யாதாகுக, மண் சலியாதாகுக, மஞ்சைநாட்டில் நடப்பவர் கால் நோகாதாகுக. முகிற்கொடி உயர்த்தியவரும், ஏழு பேரேரிகளுக்கு உடையவருமான கோ ஆழிவேள் மன்னர், தம் திருமகளாரின் மணவினைக்காகக் கடல் கடந்து சென்றிருக்கும் இக்காலத்தில், அவருடைய சிறுமுத்திரையைத் தாங்கிப் பொன்முகைத் தலைநகரில் அரசு நடத்திவரும் பேரமைச்சர் இளங்காரி நம்பி விடுக்கும் ஓலை. கீழ்வரைக் கூற்றத்தின் காவலரும், உப்பங்கோட்டைக்கு அதிபரும், சொல்லில் ஒழுங்கும் முறையில் பிடிவாதமும் உடையவருமான கூற்றத்தலைவர் விசையரையர் கண்டு, கேட்டு, தலைமேற் கொள்க.

தங்கள் கோட்டையும் குடியும், களமும் களஞ்சியமும், தங்கள் வாயிலில் காத்து நிற்கும் முறையீட்டுக்காரர்களும் நலமே என்று இவ்வமைச்சர் நம்ப விரும்புகிறார். கடைசியில் சொல்லப்பட்டவர்கள் நலமாக இருக்க இயலாது என்பதற்கு உரிய சான்று அண்மையில் பொன்முகைக்கே நடந்து வந்தது. அதன் பெயர் நல்லியக்கி. வரையடியில் உள்ள புளிந்துறைக்கு ஊராள், ஊரைத் தலைமை தாங்கி நடத்துபவள் அவள். தங்கள் மன்றத்தில் அவளைத் தாங்கள் நிற்கவைத்துப் பார்த்தீர்கள். இங்கே அவளை உட்காரவைத்துக் கேட்டோம்; கேட்டதையே இவ்வோலை சொல்கிறது. நீண்டால் பொறுத்தருள்க, அவள் நடந்த தொலைவைவிட இது நீளாது.

புளிந்துறை, எருக்கம்பட்டு, கல்லிடை என்னும் மூன்று சிற்றூர்கள் மலைக்கு அடியில் உள்ளன. மூன்று ஊராரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம், அவ்வளவே குடி. அவர்களுக்கும் உப்பங்கோட்டைக்கும் இடையே இருப்பது வரையடி வழி. கல் பாவிய பெருவழி எல்லைக்கல்லோடு முடிந்துவிட, அங்கிருந்து மலை வரைக்கும் மண்ணும் பள்ளமுமாகக் கிடப்பது அது. வண்டித்தடம் இரு பக்கமும் அச்சு தட்டும் ஆழத்துக்கு அறுத்திருக்கிறது; நடுவே மண் முதுகு போல் எழும்பி நிற்கிறது; மழை பெய்தால் எருமைகள் வழியிலேயே படுத்துக்கொள்கின்றன, குளத்துக்குப் போவதில்லை. பள்ளங்களுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அவ்வூரார் அவற்றோடு பழகிவிட்டார்கள். எருமைக்குழி என்பார்கள், மாமியார்மேடு என்பார்கள், ஆனைமடக்கு என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். வேறு என்ன செய்வது அவர்கள்?

தேய்ந்த சிற்றூர் வழிகளைச் செப்பனிட வேண்டும் என்று சென்ற ஆண்டு நம் மன்னர் பெருமுத்திரையிட்டு ஆணை பிறப்பித்ததைத் தாங்கள் அறிவீர்கள். தலைநகர மாடங்களுக்குப் பூசும் சுதையைக் குறைத்தாலும் குறைக, குக்கிராமத்து வழிக்குக் கல் போடுவது நிற்கலாகாது என்பது அவர் திருவாக்கு. வழிதோறும் ஒரு கண்காணி சென்று பார்க்க வேண்டும். கெட்டது என்று அவர் முத்திரை இட்டால் கல்லும் ஆளும் அவ்வாண்டே செல்லும். நல்லது என்று இட்டால் மன்னரின் அடுத்த வழிச்சுற்று வரை அந்த வழி கணக்கில் வராது. நல்ல ஆணை. அதைச் செய்தவர் மனத்தில் கபடு இல்லை. அதை நிறைவேற்றியவர் மனத்திலும் இல்லை, அதை வரவேற்றவர் மனத்திலும் இல்லை. இருந்தும் என்ன நடந்தது என்பதைக் காண்க.

கண்காணியாக வந்தவர் ஏனாதி பொன்னரையர். சோம்பேறி அல்லர். முன்பு பார்த்த வழிகளில் எல்லாம் இரும்புப் பூண் கட்டிய கழியால் மண்ணைக் குத்திக் குத்தி நடந்தே பார்த்தவர். வரையடிக்கும் அவ்வாறே நடக்கத்தான் வந்தார். ஆனால் வரையடி ஊர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசர் பெயரால் வருகிறவர் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் அவர் கால் மண்ணில் படக்கூடாது. எந்தத் தலைமுறையிலோ அரசரின் ஆள் ஒருவர் காலில் முள் தைத்துப் புரையோடி அங்கேயே மாண்டாராம். அந்தப் பழி இன்னும் தம் ஊர் வாசலில் நிற்கிறது என்று நினைக்கிறார்கள். ஆகவே மூங்கிலும் பிரம்பும் கொண்டு கட்டிய ஒரு தோளிருக்கையில் வைத்து, வெயில் படாமல் ஓலைத்தட்டி மறைத்து, நால்வர் தோள் கொடுத்து விருந்தினரை ஊருக்குள் கொண்டுவருவார்கள்.

பொன்னரையர் நடப்பேன் என்றார். ஊரே அவர் காலில் விழுந்தது. நல்லியக்கி கைகூப்பி நின்றாள். அவள் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதுமாறு ஓலைக்கணக்கருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது: "நீங்க நடந்தா நாங்க இருந்தும் செத்த மாதிரி ஐயா. ஏறிக்குங்க." இதற்குமேல் எந்த மனிதர் நடப்பார்? அவர் ஏறினார்.

முன்பக்க வலத்தோள் நல்லியக்கியின் தம்பி பொதியனுடையது. அவனைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. மற்ற மூவரும் சுமப்பவர்கள், அவன் நடத்துபவன். பள்ளம் வருமுன் நாக்கைத் தட்டி ஓர் ஒலி எழுப்புவான். இடப்பக்கத்தவர் இடுப்பைத் தாழ்த்துவார்கள், வலப்பக்கத்தவர் தோளை உயர்த்துவார்கள். கீழே கால்கள் முழங்காலளவு இறங்கி ஏறும்போதும் மேலே இருக்கை தொட்டில் போலக்கூட ஆடாது. எல்லைக்கல்லில் விருந்தினர் கையில் ஒரு செம்பு மோரை விளிம்பு வரை நிறைத்துக் கொடுப்பார்கள். வழியில் ஒரு துளி அவர் ஆடையில் சிந்தினாலும் அன்றைக்குத் தோள் கொடுத்த நால்வரும் சோறு உண்பதில்லை. பொதியன் முன்தோள் கொடுக்கத் தொடங்கிய பின் அந்த நால்வரும் பட்டினி கிடந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அன்றும் சிந்தவில்லை. அதுதான் வினையாயிற்று.

பெண்கள் வேறு தம் பங்குக்கு ஒன்று செய்திருந்தார்கள். விருந்தாளி வரும் வீட்டை மெழுகிக் கோலம் போடுவது போலவே, வழிப் பள்ளங்களில் வைக்கோலும் ஆவாரந்தழையும் இட்டு நிரப்பி, மேலே ஆற்றுமணல் தூவியிருந்தார்கள். மறைக்கவேண்டும் என்று ஒருத்தியும் நினைக்கவில்லை. கேட்டபோது நல்லியக்கிக்கே அந்தச் சொல் விளங்கவில்லை. வீட்டில் ஓட்டை இருந்தால் விருந்தாளி உட்காரும் இடத்தில் பாயை விரிப்பதில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பொன்னரையர் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தபோது மணல் கண்டார், தழை கண்டார், கையில் அசையாத மோரைக் கண்டார். மண்ணை அவர் காணவில்லை.

அப்படியானால் வாயைத் திறந்து குறை சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். இவ்வமைச்சரும் கேட்டார். குறையைச் சொல்வதற்கும் அவ்வூராருக்கு ஓர் இடம் உண்டு. உண்ண வந்தவர் முன்னால் பஞ்சப்பாட்டுப் பாடுவது அவர்களுக்குக் கூச்சம். விருந்து முடிந்து, திரும்பிச் சென்று, எல்லைக்கல்லில் அவர் கால் ஊன்றும்போது, அங்கேதான் கைகட்டி நின்று குறையைச் சொல்வார்கள். நல்லியக்கி திரும்பும் வழியெல்லாம் இருக்கைக்குப் பக்கத்தில் நடந்தபடி, சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்தப் பள்ளத்தை முதலில் சொல்வது, எருக்கம்பட்டுக் கிழவர் வண்டி கவிழ்ந்ததைச் சொல்வதா வேண்டாமா, மன்னர் பெயரை முதலில் எடுப்பதா கடைசியில் எடுப்பதா என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்டாள். எல்லைக்கல்லில் இருக்கையை இறக்கித் தட்டியை விலக்கினார்கள். கண்காணியார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு சுகமாகத் தூக்கி வந்திருந்தான் அவள் தம்பி.

தூங்குகிற விருந்தினரைக் குறை சொல்ல எழுப்புவதா? நல்லியக்கி உதட்டில் விரல் வைத்து ஊராரை அடக்கினாள். சற்று நேரம் காத்து நின்றாள். பொன்னரையரின் ஆட்கள் அவரைத் தூக்கத்தோடு தூக்கமாகத் தம் கூண்டுவண்டிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். வண்டி மறையும் வரை ஊரார் கைகூப்பியபடி நின்றார்கள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருவர் மற்றவரைத் தேற்றிக்கொண்டார்களாம்.

கண்காணியார் உப்பங்கோட்டையில் கண்விழித்து எழுதிய முறி தங்களிடம் உள்ளது. அதன் படி இங்கும் உள்ளது. வரையடி வழி செம்மையானது. நிறைசெம்பு மோர் தளும்பாத வழி. அதன்மேல் முத்திரை.

அதன் பின் நடந்ததில் தங்கள் கையும் உண்டு என்பதை மறைக்க இவ்வமைச்சர் விரும்பவில்லை. பேரேரி மதகுக்கு உரிய கற்கள் கல்லிடைக்கு மேலுள்ள மலையில் வெட்டப்பட்டு, அதுவரை வடபுறம் சுற்றியே சென்றுகொண்டிருந்தன. மோர் தளும்பாத குறுக்குவழி ஒன்று இருப்பது தெரிந்ததும் கல்வண்டிகளை அவ்வழியே திருப்பிவிட்டீர்கள். முறியை நம்பித்தானே திருப்பினீர்கள். அதில் குற்றம் காண முடியாது. வண்டிகளின்மேல் முகிற்கொடி பறந்தது. கொடியோடு வருவது அரசர் பெயரால் வருவது. ஆகவே வரையடியார் அவ்வண்டிகளையும் விருந்தாளிகளாகவே எண்ணினார்கள். காடு கழனியில் வேலையை விட்டுவிட்டு வந்து சக்கரங்களுக்குத் தோள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டியும் வழியை இன்னும் ஆழமாக அறுத்துக்கொண்டு போயிற்று. அவ்வூரார் தம் வழியைத் தாமே தள்ளிவிட்டுக் கெடுத்தார்கள் என்று சொன்னால் தவறாகாது.

ஆனைமடக்கு என்னும் வளைவில் ஒரு வண்டி பின்னுக்குச் சரிந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். பொதியன் விலகவில்லை, கல்லைச் சரியவிடுவது விருந்தாளியைக் கீழே போடுவது போல என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சக்கரம் அவன் வலக்காலின் மேல் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்தது.

எலும்பு கட்டும் வைத்தியர் உப்பங்கோட்டையில் இருப்பவர். அமுதனார் என்பது பெயர். கனத்த உடம்பு, வயது முதிர்ந்த முழங்கால், நடக்க மாட்டார். வண்டியில் வரச் சம்மதித்து ஏறினார். வண்டி எல்லைக்கல்லைத் தாண்டி முதல் தடத்தில் இறங்கியது, ஏறவில்லை. வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு திரும்பினார்கள். உடனே வரையடியார் தோளிருக்கையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முன்தோளுக்கு வேறு ஆள் நின்றான். எருமைக்குழியில் அவன் கால் பிசகியது. வைத்தியர் இருக்கையோடு உருண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உசுரு இருக்கறப்பவே என்னைப் பாடையில ஏத்தாதீங்கடா, நோயாளிய இங்க கொண்டாங்க, கட்டித் தர்றேன்" என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் இயலாது.

சரி, நோயாளியையே கொண்டுபோகலாம் என்று பொதியனை அந்த இருக்கையில் உட்காரவைத்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவன் அதில் ஏறினான். நல்லியக்கி அவன் காலை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். வலியில் அவன் உதடு கடிபட்டுக் கிழிந்தது; ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான். "இந்தா வலப்பக்கம் வருது. தாழ்த்து. அவசரப்படாத." கல்வண்டிகள் அறுத்த புதிய தடங்களை மட்டும் அவன் அறிந்திருக்கவில்லை, அப்போது அவன் படுக்கையில் கிடந்தான். அவை வரும்போதெல்லாம் அவன் குரல் பாதியில் அறுந்தது. ஆனைமடக்கில் இறங்கும்போது மயங்கிப் போனான். தெளிந்ததும் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பச் சொல்லு அக்கா. என்னால ஆகாது" என்றான். திருப்பினார்கள். அவனால் ஆகாத ஒன்று அந்த வழியில் உண்டு என்று அவள் அன்றுதான் அறிந்தாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எழுதிக்கொண்டிருந்த கணக்கர்தான் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

வழி சரியானால்தான் கால் சரியாகும் என்று கண்டு அவள் தங்கள் மன்றத்துக்கு வந்தாள். அங்கே தாங்கள் அருளிய தீர்ப்பு இங்கே சொல்லுக்குச் சொல் தெரியும். வழி நல்லது என்று அரச முத்திரை சொல்கிறது. நல்ல வழியில் வண்டி செல்லவில்லை என்றால் குற்றம் வண்டிக்காரனுடையது. வழி கெட்டது என்றால், கெட்டதை நல்லதாகக் காட்டி அரசரின் கண்ணை மறைத்த குற்றம் ஊராருடையது. அதற்கு ஊராள் பதவியும் ஊரின் மதகுநீர்ப் பங்கும் போகும். இரண்டில் எது என்பதை முறையிட வந்தவளே சொல்லட்டும் என்று தாங்கள் கட்டளையிட்டீர்கள்.

தாங்கள் அவ்வாறு மடக்கியதும் அவள் வாயடைத்துத் திரும்பிவிடுவாள் என்று மன்றத்தார் எண்ணியிருக்கக்கூடும். அவள் நிமிர்ந்து சொன்னாள்: "ரெண்டாவதுதான் ஐயா. மறைச்சது நாங்கதான், மறைக்கறோம்னு தெரியாமலே மறைச்சுட்டோம். என் பதவிய எடுத்துக்குங்க. தண்ணிய விட்டுருங்க, அது ஊரோடது. வழியப் போட்டுக் குடுங்க. எம் தம்பிக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தக் காலு ஒண்ணுதான்."

அதற்குத் தாங்கள் தந்த விடையையும் இவ்வமைச்சர் பழிக்க மாட்டார். குற்றத்தை அவள் ஒப்புக்கொண்டாலும், பெருமுத்திரையின் ஆணைப்படி இட்ட கண்காணி முத்திரையை உடைக்கக் கூற்றத்தலைவருக்கு உரிமை இல்லை என்றீர்கள். முறைப்படி அது சரி. சரியான சொற்களாலேயே ஒரு மனிதரை எவ்வளவு தூரம் விரட்ட முடியும் என்பதற்கு அளவு வேண்டுமானால், உப்பங்கோட்டையிலிருந்து பொன்முகை வரை அளந்துகொள்க. அவள் அங்கிருந்து நேரே இங்கே நடந்தாள்.

இங்கும் அவளுக்கு என்ன கிடைத்தது? பொன்னரையரை அழைத்து அவள் எதிரே நிறுத்தினோம். முதலில் அவர் மோரைப் பற்றியே பேசினார். துளியும் சிந்தவில்லை என்றார். தாம் பொய் எழுதுகிறவர் அல்லர் என்றார். நல்லியக்கி தலையசைத்து, "நீங்க எழுதுனது பொய்யில்ல ஐயா. சிந்தல" என்றாள். பிறகு தம்பியின் காலைப் பற்றிச் சொன்னாள். பொன்னரையர் கூசிப்போய், அரசவை நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் முறியை உடைக்கத் தம் கையையே வெட்டித் தருவதாகப் பிதற்றினார். கையை வெட்டினால் முத்திரை உடையாது. முறைமை அறிந்தோரை வரவழைத்துக் கேட்டோம். அவர்கள் கூடினார்கள், பேசினார்கள், உண்டார்கள், மறுபடியும் பேசினார்கள். முடிவு ஒன்றே: பெருமுத்திரையின் வழி வந்ததைப் பெருமுத்திரையே மாற்றலாம், மன்னரோ காற்றுத் திரும்பினால் அன்றிக் கரை திரும்பார். மாரி தொடங்கிவிட்டது; மன்னரே இங்கிருந்தாலும் ஈரமண்ணில் கல் பாவ முடியாது. பாவுவதற்கு உரிய கல்லும் மற்ற வழிகளுக்குப் பிரிந்து போய்விட்டது. சிறுமுத்திரைக்கு மனிதரை ஏவும் வலிமை உண்டு. கல்லை ஏவும் வலிமை இல்லை. நாடு முழுவதும் தன் சொல் நடக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பேரமைச்சருக்கு, ஒரு வண்டிப் பள்ளத்தை மூட வகையில்லை என்று அன்று தெரிந்தது. தெரிந்து என்ன? வெட்கம்தான் மிச்சம்.

தம்பியிடம் திரும்பவேண்டும் என்று நல்லியக்கி எழுந்தபோது, ஏதேனும் செய்வோம் என்று மட்டும் அவளிடம் சொல்லி அனுப்பினோம். ஏது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனினும் ஒரு வகை தோன்றியது. ஆகவே பின்வருமாறு கட்டளையிடப்படுகிறது: உப்பங்கோட்டைக் கொட்டிலில், திருவிழாவுக்கு அன்றி வெளியே வராமல் கரும்பு தின்று நிற்கும் கோட்டை யானையை உடனே புறப்படச் செய்க. வைத்தியர் அமுதனாரை அதன்மேல் ஏற்றி, அவர் அஞ்சினால் கயிற்றால் பிணித்தேனும், புளிந்துறைக்குச் சேர்ப்பிக்க. பள்ளம் யானைக்கு ஒரு பொருட்டன்று. எலும்பு கூடுமுன் அதை நேராக்கிக் கட்டுவிக்க. இதற்குச் சுணங்குவோர் அரசுக்குச் சுணங்கியவர்.

இவ்விடத்தில் கணக்கரின் எழுத்தாணி நின்றது. மேலே கண்ட கட்டளையை அவர் கீறி முடிக்கும் வேளையில் புளிந்துறையிலிருந்து ஓர் ஆள் சேறு காயாத காலோடு அவைக்குள் வந்தார். பொதியனோடு பின்தோள் கொடுப்பவர் அவர். ஆரி என்று பெயர். நல்லியக்கி வீடு சேர்ந்த செய்தியைச் சொன்னார். அவள் சேர்வதற்கு முன்பே எலும்பு தானாகக் கூடிவிட்டதாம், கோணலாகக் கூடிவிட்டதாம். வைத்தியரை அலையவிட வேண்டாம் என்று அவள் சொல்லியனுப்பியிருக்கிறாள். கூடியதை உடைத்து மீண்டும் கட்டலாமே என்று அரண்மனை வைத்தியர் சொன்னதை ஆரியிடம் கூறினோம். உப்பங்கோட்டை வைத்தியரும் அதையே சொல்லியனுப்ப, பொதியனைக் கேட்டாயிற்றாம். இன்னொரு முறை அது வேண்டாம் என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். இப்போது கழி ஊன்றி வாசல் வரை வருகிறான். ஒரு கால் குட்டை. இனித் தோள் கொடுக்க மாட்டான்.

ஓலையில் கீறியதை அழிக்க முடியாது. புதிய ஓலை எடுக்கட்டுமா என்று கணக்கர் கேட்டார். வேண்டாம் என்றோம். யானையைப் பற்றிய கட்டளை அவ்வாறே இருக்கட்டும். இனி அதை நிறைவேற்றத் தேவையில்லை. படிக்கும்போது தாங்கள் அதைத் தாண்டிப் போகாமல் படிக்க வேண்டும் என்பது மட்டுமே இவ்வமைச்சரின் விருப்பம்.

ஆரி அதோடு போகவில்லை. இன்னும் ஏதோ சொல்ல நின்றவர் போலக் கையைப் பிசைந்தார். சொல்லுமாறு கேட்டதும் சொன்னார். அதையும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதச் செய்தோம்: "அரசரு ஆளு யாராச்சும் ஓலையோட வருவாங்கன்னு அக்கா சொல்லிச்சுங்க. எல்லைக்கல்லுகிட்ட இருக்கையோட நிப்போம், அதுல குறை வைக்க மாட்டோம். ஆனா முன்தோளு புதுசுங்க. எங்களுக்கு இன்னும் கூடி வரல. வர்றவங்க உடம்பு கொஞ்சம் அலுங்கும். மனசுல வச்சுக்க வேணாம்னு பொதியன் சொல்லச் சொன்னாருங்க."

பொன்னரையர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆகவே கூற்றத்தலைவர் விசையரையருக்கு ஆணை. முகிற்கொடி பறக்கும் கல்வண்டி ஒன்றுகூட இனி வரையடி வழியில் இறங்கலாகாது. வடபுறம் சுற்றியே செல்க, மதகு தாமதமானால் தாமதமாகட்டும். நல்லியக்கியின் ஊராள் பதவிக்கும், மூன்று ஊர்களின் மதகுநீருக்கும் எவ்விதத் தீங்கும் நேரலாகாது. அவள் தங்கள் மன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றம் குற்றமன்று, அதை யாரும் எழுத்தில் வைக்கவும் வேண்டாம். மன்னர் கரை திரும்பும் நாளில் துறைமுகத்திலேயே, அவர் கால் கழுவுமுன், இவ்வமைச்சர் இந்த வழியைப் பற்றிச் சொல்வார். அதுவரை வழி கெட்டே கிடக்கும். அதைக் கெடாதது என்று யாரும் சொல்லலாகாது என்பது ஒன்றே நாம் இப்போது வரையடிக்குத் தரக்கூடிய செப்பம்.

இவ்வோலையைக் கொண்டு வருபவர் ஏனாதி பொன்னரையர். தாமே வேண்டிப் பெற்றுக்கொண்டார். தாங்கள் படித்த பின் ஓலையோடு அவர் புளிந்துறைக்குச் சென்று ஊரார் முன்னிலையில் இதை வாசிக்கக் கடவர். எல்லைக்கல்லில் வண்டியை விட்டு இறங்கி, செருப்பும் இன்றி, நடந்தே செல்ல வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அதைக் கேட்டபோது அவர் மகிழ்ந்தார்.

ஆனால் அவர்கள் அங்கே இருக்கையோடு நிற்பார்கள். அவர் நடக்கத் தொடங்கினால் காலில் விழுவார்கள். தூக்கலாகாது என்று அரசின் பெயரால் ஆணையிட்டால், அரசின் பெயரால் வந்தவரை மண்ணில் நடக்கவிட்ட பழி தம் பிள்ளைகள்மேல் விழும் என்று அழுவார்கள். பொதியனின் கால் முறிந்ததே விருந்தாளியாக வந்த கல்வண்டியை அவன் சரியவிட்டதற்கு வந்த தண்டனை என்று அவர்களில் சிலர் ஏற்கெனவே எண்ணுகிறார்களாம். ஆணையிடாவிட்டால் தூக்கிவிடுவார்கள். வாசலில் கழியை ஊன்றி நிற்பவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்நேரத்தில் பொன்னரையர் என்ன செய்ய வேண்டும் என்று இவ்வமைச்சர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். கட்டளையிட எதுவும் தோன்றவில்லை. அவர் ஏறினாலும் குற்றமில்லை; ஏற மறுத்தாலும் குற்றமில்லை. எது செய்தாலும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளட்டும்.

இச்சொல் பேரமைச்சர் இளங்காரி நம்பியின் சொல். கீறியவர் ஓலைக்கணக்கர் வெண்பூதனார். மாரி நடுவே, பொன்முகை அரசவையிலிருந்து விடுத்தது. கண்டபடி செய்க, செய்ய இயலாததை இயலாது என்றே சொல்க, எதன்மேலும் மணல் தூவாதொழிக. இது சிறுமுத்திரை.